நீலக் கொடியை யார் ஏற்றுவது?

போல்வென்னா ஊரில் தபால் ஆபீஸ் கம்பத்தில் நீலக் கொடி ஏறிவிட்டால், அன்றைக்கு யாரும் உருப்படியாக வேலை செய்ய மாட்டார்கள்.

நீலக் கொடி என்றால் இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல் கண்ணில் பட்டுவிட்டது என்று பொருள். கடல்முனையில் இருக்கும் கலங்கரை விளக்கக்காரர் கப்பலின் புகையைப் பார்த்ததும் தந்தி அடிப்பார். எங்கள் ஊர் தபால் அதிகாரி நான்கிவெல் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். உடனே கொடி ஏறும். நகரத்திலிருந்து தபால் மூட்டை வண்டியில் கிளம்பியதும் சிவப்புக் கொடி ஏறும். செம்புச் சுரங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் கார்ன்வாலில், அம்மாவோ அண்ணனோ இருந்தார்கள். அவர்களுடைய கடிதம் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

கொடிகளை ஏற்றுவது நான்கிவெல்லின் மகள் லவ்டே. அதுதான் சுரங்கத் தொழிலாளி மகள் திர்சாவின் பிரச்சினை.

லவ்டே வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து, கயிற்றைப் பிடித்து இழுப்பாள். கொடி உச்சிக்குப் போனதும் ஊரே "ஹோ!" என்று கத்தும். "லவ்டே! லவ்டே!" என்று தொப்பிகளை வீசும். ஏதோ கப்பலை அவளே கட்டி இழுத்து வந்த மாதிரி!

குதிரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் திர்சாவுக்கு வயிறு எரியும்.

"கயிறு இழுக்கிறது பெரிய வித்தையாம்மா? நம்ம கிணத்துல தினமும் நான்தானே வாளி இழுக்கிறேன்? எனக்கு யாராவது கத்துறாங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

"தண்ணிய பாதி சிந்திட்டு வர்றியே, அப்ப நான் கத்துறேனே" என்றாள் அம்மா.

"போம்மா! அப்பா ஏன் தந்தி ஆபீஸ்ல சேரல? சுரங்கத்துல சேர்ந்து என் பொழப்பைக் கெடுத்துட்டாரு."

அந்த மாதம் கப்பல் தாமதமானது. தபால் ஆபீஸ் கரும்பலகையில் 'கப்பல் இன்னும் தென்படவில்லை' என்று தினமும் அதே வரிதான். ஆட்கள் வேலைக்குப் போகும்போது ஒருமுறை பார்ப்பார்கள், திரும்பும்போது ஒருமுறை பார்ப்பார்கள். புயலில் மாட்டியதோ என்று பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்து லவ்டே, தோட்டத்துக்குள் புகுந்த ஆட்டைத் துரத்திச் சுவரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

செய்தியைக் கேட்டதும் 'அப்போ கொடி?' என்றுதான் திர்சாவுக்கு முதலில் தோன்றியது. 'ஐயோ பாவம்' என்பது அதற்கப்புறம்தான் வந்தது. வரிசை தப்பாக இருக்கிறதே என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மாலையில் ஒரு துண்டு குங்குமப்பூ கேக்கை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனாள்.

"நான்கிவெல் மாமா, லவ்டேக்கு எப்படி இருக்கு? கொடிய யாரு ஏத்துவாங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

காதில் பேனா செருகியிருந்த நான்கிவெல் சிரித்துவிட்டார். "கப்பலே வரல, கொடிக்கு இவ்வளவு அவசரமா? சரி, நீயே ஏத்து."

திர்சாவுக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பாவாடையைத் துணிக்கொடியில் கட்டி மேலே இழுத்துப் பழகினாள். பாவாடை பக்கத்து வீட்டு அத்திமரத்தில் மாட்டிக்கொண்டது. அது வேறு கதை.

ஒருநாள் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஜன்னலில் நான்கிவெல்லின் தலை தெரிந்தது.

"தெரிஞ்சிடுச்சு! புகை தெரிஞ்சிடுச்சாம்! திர்சா, ஓடி வா!"

திர்சா ஓடினாள். பின்னால் பள்ளிக்கூடமே ஓடியது, ஆசிரியரும் சேர்த்து. தபால் ஆபீஸ் முற்றத்தில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை நாள் காத்திருந்த ஊர்! இன்றைக்குப் போடப்போகும் கூச்சல் போல என்றைக்கும் போட்டிருக்காது என்று திர்சாவுக்குத் தெரியும். கொடியைக் கயிற்றில் கட்டினாள்.

"முடிச்சு அப்படிப் போடக் கூடாது!"

குரல் தபால் ஆபீசை ஒட்டிய நான்கிவெல் வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, லவ்டே தலையணைகளில் சாய்ந்திருந்தாள்.

"மெதுவா இழு! கொடிய தரையில தேய்க்கிற! தலைகீழா வேற கட்டியிருக்க!"

"நீலத்துக்கு ஏதுடி தலைகீழு?" என்று திரும்பினாள் திர்சா.

லவ்டே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கொடியில் இல்லை. திர்சாவின் கைகளில்தான் இருந்தது.

அந்த முகம் திர்சாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் பார்த்ததில்லை. ஆனால் குதிரைத் தொட்டிக்குப் பக்கத்தில் மாதாமாதம் அவள் வைத்துக்கொண்டு நின்றது அந்த முகத்தைத்தான்.

'நல்லாப் பார்க்கட்டும்' என்று நினைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். கொடி ஓர் ஆள் உயரம் ஏறியது. இன்னோர் இழுப்பு இழுத்தாள். எதிர்பார்த்த ருசி அதில் இல்லை. லவ்டேயின் பார்வை முதுகில் குத்துகிற மாதிரி இருந்தது.

"இழு, பிள்ளை! என்ன யோசனை?" என்று கூட்டம் கத்தியது.

திர்சா கொடியைக் கீழே இறக்கினாள்.

"ஐயோ, கப்பல் மூழ்கிடுச்சா?" என்றாள் ஒரு கிழவி.

"கப்பலுக்கு ஒண்ணும் இல்ல பாட்டி, கொஞ்சம் பொறுங்க!" என்று சொல்லிவிட்டு, திர்சா கயிற்றின் நுனியை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். எட்டவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். முற்றத்து ஓரத்தில் துணி காயும் கயிறு ஒன்று இருந்தது. அதை அவிழ்த்தாள்.

"ஏய், ஏய்! என் உள் கால்சட்டை!" என்று அலறினார் நான்கிவெல்.

ஊர் சிரித்த சிரிப்பில் தபால் குதிரை மிரண்டது. திர்சா இரண்டு கயிறுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நுனியை ஜன்னல் வழியாக லவ்டேயின் மடியில் போட்டாள்.

"இந்தா, இழு."

லவ்டே கயிற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "முடிச்சு தாங்குமா?"

"எங்க வீட்டு வாளி இதுவரைக்கும் கிணத்துல விழுந்ததில்ல."

லவ்டே கட்டிலில் இருந்து இழுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று திர்சாவும் இழுத்தாள். நீலக் கொடி குலுங்கிக் குலுங்கி உச்சிக்குப் போய்ப் படபடத்தது.

"ஹோ!" என்று ஊர் கத்தியது. "லவ்டே! லவ்டே!"

பழக்கதோஷம்! திர்சாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"இன்னொரு பேரும் இருக்கு!" என்று லவ்டே ஜன்னலில் எக்கிக் கத்தினாள். "திர்சா!"

"திர்சா! திர்சா!" தொப்பிகள் பறந்தன. ஒரு தொப்பி கூரையில் மாட்டிக்கொண்டது.

உடனே எல்லோரும் ஓடினார்கள். அடுப்பு மூட்டவும், கேக் சுடவும், வீட்டில் சொல்லவும் ஓடினார்கள். கண் இமைக்கும் நேரத்தில் முற்றம் காலி.

"இவ்வளவுதானா?" என்றாள் திர்சா.

"இவ்வளவுதான். சிவப்புக் கொடிக்குத் தந்தி வர்ற வரைக்கும் நான் மட்டும் இங்கயே நிக்கணும். நீங்கல்லாம் கும்பலா கத்திட்டு ஓடுவீங்க. நீதான் முன்னாடி ஓடுவ." லவ்டே போர்வையைப் பிசைந்தாள். "எனக்குப் பொறாமையா இருக்கும்."

"உனக்கா? என் மேலயா?"

"ஆமா. சிரிக்காத."

திர்சா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் லவ்டேயும் சிரித்தாள்.

"சிவப்புக் கொடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

"அப்ப கொஞ்சம் தள்ளிப் படு" என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் காலை உள்ளே போட்டாள் திர்சா.