ஒன்பதாம் வளைவில் இறங்கியவர்

காலை ஆறே காலுக்கு, மஞ்சனமலை அடிவாரத்து எடைமேடையில் ஓட்டுநர் இல்லாத பேருந்து ஏறி நின்றது. பயணிகள் பதினாறு பேர், அவர்களுடைய சோற்று டப்பாக்கள், செருப்புகள், கழிவறைத் தொட்டி எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகத் திரையில் விழுந்தது.

"போன எடை கொறையாமத் திரும்பி வரணும்," என்றாள் நடத்துநர் ரெபேக்கா. "தோலு, கொட்டை, காகிதம், எதுவும் மேல தங்கக் கூடாது. மூச்சுக்கும் வேர்வைக்கும் மேடையே கழிச்சுக்கும்."

மலைச்சரிவுகளுக்குப் பிறகு ஊரைக் காலி செய்து, காட்டை அதன் போக்கில் விட்டு இருபது வருடமாகிறது. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு மட்டும் ஒரு பகல். பொற்கொடி ஐந்து வருடம் காத்திருந்தாள். இரண்டு இடம் கேட்டிருந்தவள், போன மாதம் ஒன்று போதும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் கணவர் துரைக்கண்ணு ஒரு காலத்தில் இந்தப் பாதையில்தான் பஸ் ஓட்டினார். ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, சூடு ஆறும்வரை பீடி குடிப்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்: "என்னை ஒம்பதுல எறக்கி விட்டுரு."

ஒன்பதில் இப்போது தார்ச்சாலையைப் பிளந்து பெரணி முளைத்திருந்தது. மற்றவர்கள் கருங்குரங்கு பார்க்கப் போனபோது, பொற்கொடி ஒரு நாவல் மரத்தடியில் கைப்பையைக் கவிழ்த்தாள். இரண்டரைக் கிலோ சாம்பல். அது யாருக்குத் தெரியப்போகிறது?

பேருந்துக்குத் தெரிந்தது. இறங்கும் வழியில், நான்காம் வளைவில் எடைமானி சிவந்தது.

"ரெண்டரை கிலோ கொறையுது. யாரு, என்னத்தப் போட்டீங்க?" ரெபேக்கா கேட்டாள். எடை குறைந்தால் பதினாறு குடும்பத்தின் பெயரும் குலுக்கலிலிருந்து போய்விடும். அதோடு உறிஞ்சுபறவை என்கிற டிரோன் மேலே பறந்து, விட்டதைத் தேடி எடுத்து வந்துவிடும்.

பொற்கொடி எழுந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு," என்றாள். காலிப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

பின் சீட்டிலிருந்த பருத்த மனிதர் சையது பாய் தொண்டையைச் செருமினார். "ஏம்மா ரெபேக்கா, மூணாவது வளைவுல ஊத்து ஒண்ணு இருந்துச்சே. தண்ணி குடிக்கத் தடை இருக்கா?"

"குடிக்கலாம் பாய். பிடிச்சுட்டுத்தான் வரக் கூடாது."

"பாட்டில்ல பிடிச்சா திருட்டு. வயித்துல பிடிச்சா தாகம். வண்டிய நிறுத்து."

ஆளுக்கு ஒரு டம்ளர். தண்ணீர் பல் கூசக் குளிர்ந்தது. ஜலதோஷம் என்றவரையும் விடவில்லை. முதல் டம்ளரைப் பொற்கொடி கையில் கொடுத்து, "நீங்க குடிச்சாத்தான் நாங்க," என்றாள் முன்சீட்டுப் பெண்.

எடைமேடையில் எண் ஏறியது, தயங்கியது. பச்சை.

ரெபேக்கா கண்ணை மூடித் திறந்தாள். "இருநூறு கிராம் கூட இருக்கு. யாரு ரெண்டு டம்ளர் குடிச்சது?"

சையது பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பேருந்தே சிரித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பொற்கொடியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மலை அவரை இறக்கிக்கொண்டு, அவர் எடைக்குத் தண்ணீர் ஊற்றி வண்டியை அனுப்பியிருந்தது.