ஐந்தாவது கை

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் தப்பு.

தையல்காரர் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஐந்து கைகள் நீண்டிருந்தன. அவளிடம் இருந்த பட்டியலிலும் ஐந்து பேர். ஆனால் அந்த வீட்டில் இருப்பது நான்கே பேர்தான். ஐந்தாவது ஆளை இட்டுக்கட்டி எழுதியவளே அவள்தான்.

நோய் பரவத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. நோய் கண்டவர் யாரோடு பேசினார், யாரைத் தொட்டார் என்று துருவித் துருவிக் கேட்டுப் பட்டியல் போட வேண்டும். அந்த வீட்டுக் கதவில் பட்டியலையும் குறுக்கே ஒரு தடுப்புப் பட்டையையும் ஒட்டிப் பதினான்கு நாள் அடைக்க வேண்டும். தினமும் மதியம் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘லிஸ்ட் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு. எட்டடி தள்ளி நின்று குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு கையை ஜன்னல் வழியே நீட்டுவார்கள். எண்ணி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். இந்த யோசனையைச் சொன்ன பெரிய மனிதர் தன் வாழ்நாளில் ஒரு ஜன்னலைக்கூடத் தானாகத் திறந்திருக்க மாட்டார்.

தடுப்பூசிக்கும் அரசாங்கம் வரிசை வைத்திருந்தது. மருத்துவமனைக்காரர்கள், அறுபது தாண்டியவர்கள், அதற்கடுத்து அடைத்த வீட்டுக்காரர்கள். பதினான்கு நாளும் கணக்குத் தவறாமல் இருந்தால் கடைசி நாளில் ஆளுக்கொரு ஊசிச் சீட்டு கிடைக்கும். அவள் தங்கச்சிக்கு இருபத்தாறு வயது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும் ஆஸ்துமாக்காரி. வயது வரிசையில் அவள் முறை வர இன்னும் எட்டு மாதம். இந்த நோய் அந்த நெஞ்சுக்குள் ஒரு முறை புகுந்தால் போதும், எட்டு நாள்கூடத் தாங்காது. எனவே லிஸ்ட் அக்கா தையல்காரர் வீட்டுப் பட்டியலில் ஐந்தாவது வரியில் தங்கச்சியின் பெயரை எழுதி, ‘உறவினர், உடன் தங்கியிருப்பவர்’ என்று சேர்த்துவிட்டாள். தன் வீட்டில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எட்டு நாளும் நான்கு கைகளைப் பார்த்து ஐந்து என்று கையெழுத்துப் போட்டாள்.

இன்று ஒன்பதாம் நாள்.

மறுபடி எண்ணினாள். ஊசி குத்திக் காய்த்துப்போன கட்டைவிரல், தையல்காரர். ஈரம் காயாத கை, அவர் மனைவி. விரல் முட்டி வீங்கியது அவருடைய அக்கா, நகச்சாயம் பாதி உதிர்ந்தது மகள். கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இன்னொன்று. வெளுத்து, மெலிந்து, மல்லாந்திருந்தது. அதன் உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடியையும் மீறி ஜன்னலிலிருந்து நனைந்த துணி வாடை வந்தது.

தெருமுனைக்கு வந்து போன் செய்தாள். தையல்காரர் மனைவி எடுத்தாள்.

“எல்லாரும் நல்லா இருக்கோம்மா. அஞ்சு பேரும்.”

“அஞ்சாவது யாருங்க?”

பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே எழுதிக் கதவுல ஒட்டினீங்க. வர வேண்டியவங்க வந்துட்டாங்க.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“பட்டியல்ல அஞ்சு. ஜன்னல்ல அஞ்சு. இதுல உனக்கு என்னம்மா குறை?”

“ஒரு பேரை எடுக்கணும் சார். அது நான் பொய்யா…”

“என் காதுல எதுவும் விழல.” அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “சேக்கறதுக்குத்தான் வழி வச்சிருக்காங்க. எடுக்கறதுக்கு வழியே இல்ல. ஒரு ஆளும் தப்பிச்சிடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. பதினாலாம் நாள் தானா முடிஞ்சிடும், போ.”

பதினோராம் நாள் அந்த உள்ளங்கையில் ரேகைகள் ஓடியிருந்தன. பன்னிரண்டாம் நாள் மணிக்கட்டில் பிறை வடிவில் ஒரு தழும்பு. பள்ளிக்கூட நாளில் அக்காவின் சட்டைக்கு இஸ்திரி போடப்போய்த் தங்கச்சி சுட்டுக்கொண்ட தழும்பு அது. லிஸ்ட் அக்கா வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதுகூட மறந்து, வீடு வரைக்கும் ஓடினாள்.

தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, நாய் துரத்துச்சா?”

அவள் தங்கச்சியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டு வழுவழுவென்று இருந்தது.

“நீ வாங்கித் தந்த களிம்பு இப்பதான் வேலை செஞ்சிருக்கு போல” என்று தங்கச்சி சிரித்தாள். டம்ளர் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. “ரெண்டு நாளா இப்படித்தான்க்கா. கை என் கை மாதிரியே இல்ல.”

அன்று முழுக்க அந்தக் கையை அவள் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், என்னவென்று சொல்வது? உனக்காகத்தான் செய்தேன் என்றால், எதை என்று கேட்பாள்.

பதிமூன்றாம் நாள் காலையில் வீடு அமைதியாக இருந்தது. இருபது வருடமாகக் கேட்ட விசில் சத்தம் நின்றுபோயிருந்தது. தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“எழுப்பாதே” என்றாள் அம்மா, முகமெல்லாம் நிம்மதியாக. “இன்னிக்குத்தான் புள்ள சத்தம் போடாம தூங்குது.”

மதியம் அவள் போய் நின்றபோது தையல்காரர் வீட்டு ஜன்னலுக்குள் விசில் அடித்தது. மெல்ல. இழுத்து இழுத்து. எட்டடி தூரத்திலும் கேட்டது.

பதினான்காம் நாள் காலையிலும் தங்கச்சி சத்தமில்லாமல் தூங்கினாள். லிஸ்ட் அக்கா போய்ப் பட்டையைக் கிழித்தாள். தையல்காரர் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். மனைவி வந்தாள். அக்கா, மகள். நால்வரும் சீட்டை வாங்கிக்கொண்டார்கள்.

“இன்னொருத்தங்க?” குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“உள்ளே யாரும் இல்லையேம்மா” என்றார் தையல்காரர். “எங்க கணக்கு முடிஞ்சிடுச்சு. நாங்க நாலு பேர்தானே?”

அவர்கள் ஊசி மையத்தைப் பார்த்து நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே ஓடினாள். ஒரே அறை. மெஷின். வெட்டிய துணிகள். பாய். ஜன்னலருகே யாரும் இல்லை. ஜன்னலிலும் எதுவும் இல்லை. வெறும் கம்பி.

வெளியே வந்தாள்.

கை நீண்டிருந்தது.

ஐந்தாவது சீட்டு அவள் விரல்களில் கசங்கியது. எட்டடி. ஆறடி. பக்கத்தில் போனாள். தழும்பு. சுண்டுவிரலில் பிறவியிலேயே இருந்த மச்சம். சீட்டை அந்த உள்ளங்கையில் வைத்தாள். அது சீட்டை வாங்கவில்லை. அவள் விரல்களைப் பற்றிக்கொண்டது. சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பது போலவே. கதகதப்பாக இருந்தது.

உள்ளே விசில் அடித்தது.

“விட்டுடாதே” என்றாள். “அக்கா இருக்கேன்.”

தோள்பையில் போன் அடித்தது. வீட்டுக்கென்று அவள் வைத்திருந்த மணி. நின்றது. திரும்ப அடித்தது. எடுக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும். விடவில்லை. மூன்றாவது முறை அடித்தது. நான்காவது முறை.

விசில் இழுத்தது. தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது.

நின்றுவிட்டது.

கை மட்டும் விடவில்லை.