கயிற்றின் மறுமுனை

எங்கள் வட்டாரத்தில் ஏழு ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதன் அடியில் ஒரு ஊரே கிடக்கிறது. அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது மூழ்கிய ஊர். அச்சகம், பள்ளிக்கூடம், இரண்டு மாடி அஞ்சலகம் எல்லாம் இருந்ததாம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லி நாங்கள் அலட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. இந்த வருடம் ஏரிக்கு நூறு வயது. விழா எடுத்த நகராட்சி, கண்காட்சியில் வைக்க அந்த ஊரின் பெயர்க்கல்லை எடுத்துத் தரச் சொன்னது.

எடுக்கப் போனவன் என் தம்பி. தண்ணீருக்கடியில் மதகு பழுது பார்ப்பது, மூழ்கிய படகைத் தூக்குவது, இதுதான் எங்கள் தொழில். அவன் இறங்குவான். நான் படகில் உட்கார்ந்து, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பேன். நான் ஒரு முறை இழுத்தால், நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிறேன். அவனும் ஒரு முறை இழுத்தால் நன்றாக இருக்கிறான். மூன்று முறை இழுத்தால், மேலே வா. பன்னிரண்டு வருடமாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு. கரையில் வாய் ஓயாத பயலிடம் இப்படி அளவாகப் பேசுவதில் எனக்கு ஒரு நிம்மதி.

அன்று காலை பத்து மணி. வெயில் நன்றாக அடித்தது, தண்ணீர் அசையாமல் கிடந்தது. முடிச்சை நான்தான் போட்டேன்.

"அக்கா, இவ்ளோ இறுக்காத. காலைல சாப்பிட்டது வெளிய வந்துரும்," என்றான்.

வாயை மூடிக்கொண்டு இறங்குடா என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

சிலிண்டரில் நாற்பது நிமிடத்துக்குத்தான் காற்று. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இழுத்துக் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. தம்பி எப்போதும் வெடுக்கென்று இழுப்பான், உள்ளங்கை எரியும். அன்று பத்தாவது நிமிடத்திலிருந்து இழுப்பு மெதுவாக, மரியாதையாக வந்தது. ஒரு வழியாகப் பயலுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று படகுக்காரரிடம் கிண்டலடித்தேன்.

படகுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கதை சொல்லியே பழகியவர். சும்மா இருக்க முடியாமல் எனக்கும் ஆரம்பித்தார். மதகை மூடிய மறுநாள், அதிகாரி ஒருவர் மேட்டில் வந்து நின்றாராம். கீழே ஒரே பனிமூட்டம். கடைசித் தெருவைப் பார்த்து, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று குரல் கொடுத்தாராம். நல்லா இருக்கோம், நீங்க போங்க என்று பதில் வந்ததாம். இறங்கிப் போய்ப் பார்க்க அவருக்குச் சோம்பல். அனைவரும் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இது ஊரறிந்த கதை. அதற்கு மேல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

"அந்தத் தெருவுக்கு முந்தின ராத்திரியே தண்ணி வந்துடுச்சும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒருத்தரும் தப்பிக்கல. பதில் சொன்னது யாருன்னுதான் தெரியல."

மணியைப் பார்த்தேன். முப்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. மூன்று முறை இழுத்தேன்.

ஒரு இழுப்பு வந்தது. மெதுவாக.

மறுபடியும் மூன்று முறை இழுத்தேன்.

மறுபடியும் ஒன்று.

படகுக்காரரும் நானும் சேர்ந்து பிடித்து இழுத்தோம். கயிறு ஒரு அங்குலம் நகரவில்லை. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடை தண்ணீரிலிருந்து எழுந்தது. உள்ளங்கை கிழிந்து கயிறெல்லாம் ரத்தம். அவனை விட்டுவிடுங்கள், அவனுக்குக் காற்று இல்லை என்று கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நாற்பது நிமிடம் தாண்டியது.

நாற்பத்தைந்து.

நான் கேட்காமலே அந்த ஒற்றை இழுப்பு வந்துகொண்டே இருந்தது. நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன்.

ஐம்பதாவது நிமிடம் கயிறு சட்டென்று லேசானது. வெறும் நுனிதான் மேலே வந்தது. அது அறுபடவில்லை. நான் இறுக்கிப் போட்ட முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்திருந்தார்கள்.

மீட்புக் குழு நான்கு நாள் தேடியது. பெயர்க்கல் கிடைத்தது, தம்பி கிடைக்கவில்லை. கல்லைக் கழுவிக் கண்காட்சியில் வைத்தார்கள். ஒரு ஊரே மூழ்கியும் ஒரு உயிர்கூடப் போகாத பெருமை நம் ஏரிக்கு உண்டு என்று நகராட்சித் தலைவர் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னான்மா," என்கிறேன்.

வேறு என்ன சொல்ல? அந்தப் பதிலை நம்பி அரை மணி நேரத்தைத் தொலைத்தவள் நான். பத்தாவது நிமிடத்திலேயே என் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்காரர் இனி அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தனியாகத்தான் போகிறேன். கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டி அதே இடத்தில் இறக்கி, ஒரு முறை இழுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். பதினேழு நாள் ஒன்றும் வரவில்லை. அந்தப் பொய்ப் பதிலாவது வராதா என்று ஏங்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

நேற்று மூன்று முறை இழுத்தேன்.

"வந்துருடா. அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறா," என்று தண்ணீரிடம் சொன்னேன்.

பதில் இல்லை. பொழுது சாய ஆரம்பித்ததும் கயிற்றைச் சுருட்டி ஏற்றினேன். நுனியில் நான் கட்டிய கல்லைக் காணோம். அந்த இடத்தில் கயிற்றை வளையமாக மடித்து, பக்குவமாக முடிச்சுப் போட்டிருந்தது. தம்பியின் இடுப்புக்கு அது பற்றாது.

என் இடுப்பில் மாட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இன்னும் அதை நான் கழற்றவில்லை.