வெறும் வயிறு

“கொன்னுட்டான்! என் றஷீதாவ இவன்தான் கொன்னுட்டான்!”

ஹல்துமுல்லைத் தோட்ட ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹுமைத்தின் அலறல்!

1911. காலை பத்து மணி. உள்ளே மேஜைமேல் அவன் மனைவி. கலியாணமாகி எட்டே மாதம். வெள்ளைத் துணியை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

பொலிஸ் சார்ஜன் ஜௌபர், டிஸ்பென்சர் வீரசிங்கத்தின் சட்டையைப் பிடித்தார்.

“குளோரஃபோம் கொடுத்தது நீர்தானே? எத்தனை சொட்டு?”

“அளந்துதான் விட்டனான் ஐயா! துரை டாக்டர் கட்டியை எடுத்து, தையலும் போட்டிட்டார். மயக்கம் தெளியேக்க வாந்தி... மூச்சுக்குழலுக்குள்ள போட்டுது. தலையைச் சரிச்சன், விரலை விட்டுத் தோண்டினன்...”

“பொய்!” ஹுமைத் பாய்ந்தான். “வெறும் வயித்துல வாந்தியா?”

வீரசிங்கம், தோண்டி எடுத்ததைப் போட்டிருந்த கோப்பையை நீட்டினார்.

சோறு!

ஹுமைத் கோப்பைக்குள் குனிந்து பார்த்தான்.

முந்தின நாள் டாக்டர் அவனிடம் இங்கிலீஷில் எச்சரித்திருந்தார். ‘இன்று மாலையிலிருந்து எதுவும் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி வரும். உயிருக்கே ஆபத்து!’ பதுளைப் பள்ளிக்கூடத்தின் இங்கிலீஷ் மாஸ்டர் அவன். அவன்தான் கேட்டு, வீட்டில் வந்து சொன்னவன்.

“சார்ஜன்... யாரோ வேணுமெண்டே ஊட்டியிருக்காங்க!”

“வீட்டுல அவங்களோட யாரு இருந்த?”

“நான்தான்.”

மூலையிலிருந்து ஸைனப் எழுந்தாள். றஷீதாவின் மூத்த சகோதரி. கண்கள் வீங்கியிருந்தன.

“மச்சி... நீங்களா? ஏன்?”

“ஏனெண்டு கேக்கிறீங்களா தம்பி? ஆப்பரேஷனுக்கு நோம்பு ஈக்கணும், ரமழான் மாதிரியே எண்டு நீங்கதானே செல்லின?”

“ஓம்... அதுக்கு?”

“நோம்பெண்டா விடியமுந்திச் சாப்பிடுற சஹர் சாப்பாடு இல்லாமலா? நீங்க முன்னறையில நல்ல தூக்கம். சுபஹு பாங்குக்கு முந்தி அவள எழுப்பினேன். வேணாம் வேணாமெண்டாள். ‘பகல் முழுக்கப் பட்டினி கெடக்கணும், தெம்பு வேணாமா?’ எண்டு சோறும் தயிரும் பிசைஞ்சு குடுத்தேன். ‘மாஸ்டர் கவலப்படுவார்டி’ எண்டேன்...” அவள் குரல் உடைந்தது. “ஓங்கட பேரக் கேட்டதும் சிரிச்சிட்டு இன்னும் ரெண்டு கவளம் திண்டாள் தம்பி!”

வராந்தாவில் பனிமூட்டம் நுழைந்தது.

டாக்டர் அவ்வளவு விளக்கிச் சொன்னதை, எதற்கு நீட்டி முழக்க வேண்டும் என்று ‘நோம்பு’ என்ற ஒரே சொல்லில் முடித்தவன் அவன்தான்!

ஹுமைத் இரண்டு கைகளையும் நீட்டினான்.

“அவர விடுங்க சார்ஜன். விலங்க இங்க போடுங்க.”

ஜௌபர் தொப்பியைக் கழற்றினார்.

“போங்க மாஸ்டர்... இதுக்குச் சட்டத்துல தண்டனை இல்ல.”

“அப்ப... அந்தச் சட்டத்த எழுதினவன் கலியாணம் முடிக்காதவன் போல!”