இருபத்தெட்டுப் பற்களைக் காணவில்லை!

"எத்தனை நாளாகும்?"

"அஞ்சு தடவை வரணும் சார். முதல்ல ஈறுக்கு ஒரு அளவு. அப்புறம் துல்லியமா இன்னொரு அளவு. மூணாவது, மேலயும் கீழயும் எப்படிக் கடிக்கிறீங்கன்னு பாக்கணும். நாலாவது, மெழுகுல பல்லைப் பதிச்சு வாயில வச்சுப் பாக்கறது. அஞ்சாவது தடவை பல்செட் உங்க கையில. மொத்தம் நாலு வாரம்."

"நாலு வாரமா! ஒரு கொலைக் கேஸையே நான் ஒன்பது நாள்ல முடிச்சிருக்கேன்!"

"கொலைகாரன் ஈறுல உட்கார வேண்டியதில்லையே சார்."

"சரி... வேற யாரோட பல்லாவது என் வாய்க்கு வந்துடாதே?"

"வராது. உங்க நம்பரை ஒரு சின்னச் சீட்டுல எழுதி, பல்லைத் தாங்கற ரோஸ் தட்டுக்குள்ளே வச்சே வேக வச்சுடுவேன். வெந்துட்டா ஆண்டவனாலயும் எடுக்க முடியாது."

"அஞ்சு தடவையும் முடிஞ்சப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க இங்கே எதுக்கு சார் வரப்போறீங்க?"

அதைச் சொல்லும்போது பல்செட் செய்யும் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அந்தப் பேச்சு நடந்து இன்றோடு பதினோரு வாரம்!

காலை மணி பத்து இருபது.

அதையே நூறாவது தடவையாக மனதுக்குள் ஓட்டியபடி, ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். ரிட்டயராகி நாலு வருடம் ஆகிறது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் இன்ஸ்பெக்டர்தான். கம்பீரமான மீசை. அதற்குக் கீழே... ஒன்றுமே இல்லை! மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம்.

"அப்பா, உக்காருங்களேன்! விடிஞ்சதுலேர்ந்து தரையைத் தேய்க்கிறீங்க." பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள் மகள்.

"பல்லு..."

"பன்னெண்டு மணிக்குப் பல். அஞ்சரைக்கு ரயில். அப்புறம் தனியா சமைச்சு, தனியா தின்னு, செவுத்தோட பேசற வேலையெல்லாம் கிடையாது. எங்களோடதான் இருக்கப்போறீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா போய் எட்டு வருடமாகிறது. அப்பா தனியாக இருக்கிறாரே என்று எந்த மகளுக்குத்தான் தூக்கம் வரும்?

அவள் சொன்னது நியாயமாக இருந்ததுதான் சிக்கலே!

ஏனென்றால் இன்ஸ்பெக்டரிடம் ஒரு கேள்வி இருந்தது. பல் லேபில் வேலை செய்யும் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி. எந்நேரமும் மெழுகும் கையுமாக இருப்பதால் அவளை எல்லோரும் மெழுகம்மா என்பார்கள். கணவரை இழந்து பதினாலு வருடம். பல் டாக்டர் கட்டடத்தின் மாடியில் லேப்; அதற்குப் பின்னால் ஒற்றை அறை. அதுதான் அவள் வீடு.

'உங்க கூடவே இருந்துடட்டுமா?'

அவ்வளவுதான் கேள்வி!

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார். வார்த்தைக்கு முன்னால் காற்று வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. (அவர் பேசும்போது வந்த காற்றையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் பறந்துவிடும் என்பதால், திருத்தமாகவே எழுதியிருக்கிறோம்.)

பல் வந்ததும் கேட்டுவிடுவோம் என்று தள்ளிப்போட்டார்.

பல் வருகிற அன்றே ரயில்!

போன் அலறியது.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் சார்! நான் பல் டாக்டர் பேசறேன்... உங்க... உங்க பல்லைக் காணோம்!"

*

டாக்டரின் மேஜை டிராயர் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நீல நிற டப்பா. காலி.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பூட்டில் கீறல் இல்லை.

"சாவி எங்கே இருக்கும்?"

"அந்த ஆணியில. எல்லாருக்கும் தெரியும்."

"பேஷ்! பூட்டு எதுக்கு டாக்டர்? அழகுக்கா?"

"சார், பல்லை யாராவது திருடுவாங்களா! அதுவும் அடுத்தவன் வாய்க்கு அளவெடுத்த பல்லை?"

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"நேத்து சாயந்திரம் மெழுகம்மா மெருகு போட்டுக் கொண்டுவந்து வச்சாங்க. நான் திறந்து பாத்தேன். இருபத்தெட்டுப் பல்லும் முத்து மாதிரி. காலையில திறந்தா டப்பா மட்டும் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். கால் நிற்கவில்லை. மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே அலைந்தார்.

இது முதல் தடவை அல்ல.

இரண்டாவது வாரம்: பிளாஸ்டர் அச்சு மாடியிலிருந்து விழுந்து சுக்குநூறு. முதலிலிருந்து அளவு!

ஏழாவது வாரம்: மெழுகில் பதித்த பல்வரிசை இதே அறை ஜன்னலோரம் வெயிலில் உருகிக் கிடந்தது. திரையை யாரோ விலக்கியிருந்தார்கள். அன்றைக்கு முதல் ஆளாக வந்து காத்திருந்த இன்ஸ்பெக்டர்தான் அதைப் பார்த்து முதலில் கத்தினார். மறுபடியும் முதலிலிருந்து!

பதினோராவது வாரம்: பல்லே மாயம்!

"ஒரு தடவைன்னா கைதவறல். ரெண்டு தடவைன்னா கெட்ட நேரம். மூணு தடவைன்னா..." இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "டாக்டர், எனக்குப் பல் வராம இருந்தா உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபமா!" டாக்டர் கிட்டத்தட்ட அழுதார். "பதினோரு வாரமா தினமும் வந்து என் வெயிட்டிங் ரூம்ல உக்காந்து, வர்றவங்களையெல்லாம் விசாரணை பண்றீங்க. போன வாரம் ஒருத்தர் பல் வலியே போயிடுச்சுன்னு ஓடிட்டார்! உங்களை அனுப்பி வைக்க இந்த உலகத்துல அதிகமா ஆசைப்படறவன் நான்தான் சார்!"

"அப்பா, போதும்." மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அங்கே போய்ப் புதுசா செஞ்சுக்கலாம். பல்லுக்காக ரயில் நிக்காது."

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்." டாக்டரின் குரல் இறுகியது. "மூணு தடவையும் லேப் கைபட்ட பொருள். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள பல் வரலேன்னா... லேபை மாத்திடுவேன். மாடியைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்."

இன்ஸ்பெக்டரின் நடை சட்டென்று நின்றது.

மாடியைக் காலி செய்தால்... மெழுகம்மாவின் வேலை போகும். வீடும் போகும்!

"மணி என்ன?"

"பதினொண்ணு பத்து."

"ஒரு மணி நேரம் குடுங்க!" படியில் இரண்டிரண்டாகத் தாவினார்.

*

லேபில் பிளாஸ்டர் தூளின் வாசனை. அடுப்பில் பாத்திரத்துக்குள் யாருடைய பல்லோ வெந்துகொண்டிருந்தது. அலமாரி முழுக்க மூடிபோட்ட டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்.

மெழுகம்மா நிமிரவில்லை. ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து டிராயர்ல வச்சது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்புறம்?"

"அப்புறம்... மேல வந்துட்டேன்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

கத்தி விளக்கிலிருந்து நழுவியது.

"இதெல்லாம் விசாரணையில கேப்பாங்களா சார்?"

"கண்ணு செவந்திருக்கே, அதான் கேட்டேன்."

கீழிருந்து டாக்டர் கூப்பிட்டார். அவள் விடுபட்டாற்போல் எழுந்து போனாள்.

இன்ஸ்பெக்டர் தேட ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில்... அலமாரியில்... ஒவ்வொரு டப்பாவாக...

பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் கை போனது.

எதுவோ தட்டுப்பட்டது!

ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதில் நம்பர் இல்லை.

மூடியைத் திறந்தார்.

இருபத்தெட்டுப் பற்கள் அவரைப் பார்த்து இளித்தன!

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். பல்லைப் பார்த்து அல்ல. பல் கிடந்த தண்ணீரைப் பார்த்து.

விரலை விட்டார். சில்லென்றிருந்தது. ஒரு தூசி இல்லை. இன்று காலையில் மாற்றிய தண்ணீர்!

பல்லை ஒழிக்க நினைத்தவன் சுத்தியலால் அடித்திருப்பான். குப்பையில் போட்டிருப்பான். இந்தத் திருடன்... பல்லைத் தண்ணீரில் வைத்திருக்கிறான்! காய்ந்தால் தட்டு வளையும், வளைந்தால் ஈறு புண்ணாகும் என்று தெரிந்தவன். திருடிய பிறகும் இன்ஸ்பெக்டரின் ஈறுக்காகக் கவலைப்பட்டவன்!

அப்படி உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம்.

சரேலென்று திரும்பினார்.

வாசலில் மெழுகம்மா! கண்கள் டப்பாவின் மேல். மேஜையில் கிடந்த மெழுகுக் கத்தியைக் கை எட்டி எடுத்தது. நுனி புகையில் கறுத்திருந்தது...

"அதைக் குடுத்துடுங்க சார்."

"கத்தியைக் கீழே வைங்க."

"இது மெழுகு வெட்டற கத்தி. வெண்ணெயைக் கூட வெட்டாது. பதட்டத்துல எடுத்துட்டேன்!" கத்தியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பல்லை மட்டும் குடுத்துடுங்க. நான் வேற செஞ்சு தர்றேன். இதைப் பாக்காதீங்க!"

"எதுக்குத் திருடினீங்க?"

அவள் கையை எடுத்து, குனிந்து அடுப்பைத் தணித்தாள்.

"ரெண்டாவது வாரம் அச்சைப் போட்டு உடைச்சது?"

"...நான்தான். நாலு வாரத்துல முடிஞ்சா நீங்க போயிடுவீங்களேன்னு, கை தானா விட்டுடுச்சு."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"ஆனா ஒண்ணு சார்!" அவள் திடீரென்று நிமிர்ந்தாள். "மெழுகு உருகினது நான் இல்லை! மெழுகை வெயில்ல வைக்கற அளவுக்கு நான் தொழில் தெரியாதவ இல்லை. அந்தப் பழியை மட்டும் என்மேல போடாதீங்க!"

"போடல."

"அப்போ யார்?"

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முப்பத்தோரு வருட சர்வீசில் அவர் எதிரே எத்தனையோ பேர் இப்படித்தான் விழித்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு நான் சீக்கிரமே வந்துட்டேன்..."

"சார்!"

"திரை கொஞ்சம் மூடியிருந்தது..."

"சார்!!"

"கை தானா விலக்கிடுச்சு."

மெழுகம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"நாலு நாள் உக்காந்து பதிச்ச பல்லு சார் அது! பாவி மனுஷா!"

"திருடன் வீட்டுக் கதவை உதைச்சுத் திறந்திருக்கேன். இந்தக் கதவைத் தட்ட மட்டும் தைரியம் வரல." அவர் பல்செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "சரி... முடிச்சு டிராயர்லயும் வச்சாச்சு. மறுபடி எதுக்கு எடுத்தீங்க?"

அவள் முகம் சிவந்தது.

"உள்ள... சீட்டு."

இன்ஸ்பெக்டர் மேல்தட்டைத் திருப்பினார். ரோஸ் நிறத்துக்குள்ளே, கண்ணாடிக்குள் வைத்தாற்போல், நகத்தளவு ஒரு வெள்ளைச் சீட்டு.

அதில் நம்பர் இல்லை! ஏதோ எழுத்து!

"நம்பர் எழுதத்தான் உக்காந்தேன் சார். கடைசி சீட்டாச்சேன்னு என்னமோ எழுதிட்டேன். டிராயர்ல வச்சுட்டு மேல வந்தப்புறம்தான் புத்தி வந்தது. வெந்துட்டா எடுக்க முடியாதே! உங்க பொண்ணு பாத்தா... டாக்டர் பாத்தா... காலையில ஓடிப்போய் எடுத்துட்டு வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் தட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"படிங்களேன்."

"பொடி எழுத்தா இருக்கு. கண்ணாடி வீட்டுல."

"அப்போ ஊருக்குப் போய்ப் படிச்சுக்குங்க!"

"ரயில்ல படிச்சா திரும்பி வர முடியாதே." அவர் குரல் இறங்கியது. "சொல்லுங்க. நீங்க எழுதினதுதானே?"



அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். மெழுகே இல்லாத கையை மறுபடியும் துடைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பதினோரு வாரமாக, ஒவ்வொரு அளவின்போதும், ஒவ்வொரு கடியின்போதும், தொண்டை வரை வந்து திரும்பிப்போன அந்த ஒற்றை வார்த்தை...

"போகாதீங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சீட்டைப் படித்தார்.

"அதேதான்."

"கண்ணாடி வீட்டுலன்னு சொன்னீங்க!"

"எழுதிக் குடுத்தா மட்டும் போதாது. வாக்குமூலம்னா வாயால வரணும்."

வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

இருவரும் விதிர்த்துத் திரும்பினார்கள்.

கடைசிப் படியில் மகள்! எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ... கையில் இரண்டு ரயில் டிக்கெட்.

"ஏம்ப்பா, பல்லு செய்ய நாலு வாரம்... சரி, ஒத்துக்கறேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு வாரமா? முன்னாலயே சொல்லியிருந்தா நான் ஒரு டிக்கெட்தானே எடுத்திருப்பேன்!"