கைமாறிய காப்பு

காலையில் குளித்ததும் சிற்றம்பலம் தன் இதயக்காப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுப்பார். மரகதம் அதை வளையல்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மின்னடுப்பை முடுக்குவாள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

கோயம்புத்தூரில் நாற்பது கடந்த ஆண்கள் எல்லோர் கையிலும் காப்பு உண்டு. நாடியைப் படித்து, மாரடைப்பு வருவதற்கு முன்பே நிறம் மாறிச் சொல்லிவிடும். பெண்களுக்குக் கிடையாது. ஆபத்து ஆண்களுக்குத்தான் என்று சட்டம் எழுதியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள், அவர்களும் ஆண்கள்தான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் பரம்பரை நோய் உண்டா என்று ஜாதகத்துக்கு முன்னால் பெண்ணின் தகப்பன் காப்பைத்தான் கேட்பார்கள். சிற்றம்பலத்தால் சிகரெட்டையும் விட முடியவில்லை, மகள் கல்யாணத்தையும் விட முடியவில்லை. நல்ல நாடி வீட்டிலேயே இருக்கும்போது கவலை என்ன?

சில நாட்களாகக் காப்பு மஞ்சள் காட்டியது. "மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று எச்சரிக்கையை அழித்துவிட்டார். தாடை வலிக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள் மரகதம். வாயு என்றார்.

அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும், காப்பை அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டு பெருமையாகக் கையை நீட்டினார். காலையிலிருந்து படித்த நாடியைக் கணக்கிட்டு, காப்பு சிவந்தது.

ஓட்டுநரில்லா உயிர்காப்பு ஊர்தி யாரும் அழைக்காமலே வாசலுக்கு வந்தது. அதிலிருந்த பெண் மருத்துவர் அவரை உள்ளே ஏற்றிப் படுக்கையில் சாய்த்து, மார்பில் கருவியை வைத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது! காலைல பதிவானது உங்க இதயமே இல்லீங்க. இது யார் கையில இருந்துச்சு?"

மாப்பிள்ளையின் அப்பா ஊர்தியின் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் சம்பந்தம் போயிற்று. சிற்றம்பலம் தலையைத் திருப்பினார். வெளியே மரகதம் வேர்த்துக் கொட்ட, தாடையைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகும் அவர் கண் மாப்பிள்ளையின் அப்பா முகத்துக்குத்தான் போனது. அந்த ஒரு பார்வைக்காக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இறங்கி ஓடினார். அவளைத் தூக்கிவந்து, தான் படுத்திருந்த படுக்கையிலேயே கிடத்தினார்.

"எத்தன நாளா வலிக்குதுங்கம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

மரகதம் கணவரைப் பார்த்தாள். பிறகு, "வாயுதானுங்க" என்றாள்.

மருத்துவர் திரையைத் தட்டினார். "இவங்க பேர்ல ஒரு பதிவுகூட இல்லையே. பழசு தெரியாம எந்த மருந்தைக் குடுக்கறது?"

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் குரலைத் தணிக்கவில்லை.

"என் பேர்ல பாருங்கம்மா. மூணு வருஷமா அதுல இருக்கறதெல்லாம் இவ நெஞ்சுதான்."