சம்ப்புக்குள் இரண்டு மூச்சு

சத்தம் இரண்டாகக் கேட்டது.

நேரம் குறிக்கப் போன பேனாவை ஹம்ஸினி அப்படியே நிறுத்தினாள். மாலை ஐந்து முப்பத்தெட்டு. மழைக்குக் கரண்ட் போயிருந்ததால் ஹைதராபாத் குஷாய்குடா வீட்டின் முன்னறை கலங்கிய வெளிச்சத்தில் கிடந்தது. ஈரச் சுவரின் வாசனைக்கு நடுவே பாசி வாசனையும் புளித்த தயிர் வாசனையும் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தன. போர்ட்டிகோவுக்கு அடியில், தோட்டத்துக்கு மட்டும் புழங்கும் பழைய தண்ணீர் சம்ப்பிலிருந்து, விரால் மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் சத்தம். க்ளப். ஒரு நொடி கழித்து, கொஞ்சம் கனமாக, இன்னொரு க்ளப்.

சம்ப்பில் பெரிய மீன் ஒன்றுதான் இருந்தது. அவளே எண்ணி எழுதிய கணக்கு.

பயம் வந்தால் ஹம்ஸினிக்குக் கோபம்தான் வரும். "ஐயராத்துப் பொண்ணு மீன் வயித்தைக் கிழிக்கறாளாம்" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்த வீம்பிலேயே ஆற்று மீன்களின் வளர்ச்சியைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கினாள். பன்னிரண்டு வருடமாக மீன்களை அறுத்து, இரைப்பையில் என்ன இருக்கிறது, சினைப்பையில் எத்தனை முட்டை என்று எழுதுவதுதான் அவள் உத்தியோகம். இன்றைக்கு இந்த ஒரு மீனுக்குப் பயப்படுவதாவது!

இத்தனைக்கும் காரணம் அப்பாதான். ஜூன் மாதம் ஆராய்ச்சிக்கூடத்தில் மோட்டார் பழுதானபோது, சினைப்பட்ட விரால் ஜோடி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். திங்கட்கிழமை அறுப்பதாகத் திட்டம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பேக்கரிக்காரனை மூன்று முறை கேட்கும் ரிட்டயர்டு இன்ஜினியர் பத்ரிநாராயணன், ஞாயிறன்றே இரண்டையும் வாளியில் தூக்கிப் போய் சம்ப்பில் விட்டுவிட்டார்.

"நம்மாத்துக்கு வந்த உயிரை அறுக்க விடமாட்டேன். நக்கோன்னா நக்கோ!" என்றார். 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகும் அளவுக்கு நாற்பது வருட ஹைதராபாத் அவர் நாக்கில் ஏறியிருந்தது.

அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. விரால் பொறுப்பான பெற்றோர். குஞ்சுகளைச் சிவப்புப் பந்தாகத் திரட்டித் தன் நிழலில் வைத்துக் காக்கும். கிட்டே எது வந்தாலும் பாய்ந்து முட்டும். குஞ்சுகள்தான் மோசம், பெரியது சின்னதைத் தின்றுவிடும். அதனால் பண்ணைகளில் அடிக்கடி சல்லடை போட்டு அளவு வாரியாகப் பிரிப்பார்கள். ஹம்ஸினி பிரிக்கவில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். நோட்டில் வாரா வாரம் எண்கள் குறைந்தன: மூவாயிரம், நானூறு, இருபத்தாறு, ஒன்று. அந்த ஒன்று தாய் தகப்பனையும் விட்டுவைக்கவில்லை. அடியில் துழாவிய வலையில் அவற்றின் தலைக்குள் இருந்த காதுக்கற்கள் மட்டும் வந்தன.

பத்தே வாரத்தில் அது அவள் கை நீளத்துக்கு வளர்ந்தது. தீனி இருக்கும்வரை மீன் வளரும் என்பது பாடம்தான். ஆனால் அப்பா உருட்டிப் போடும் தயிர்சாதத்துக்கு இந்த வளர்ச்சி எந்தப் பாடத்திலும் இல்லை. அப்பாவோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். மணிக்கணக்காக சம்ப் மூடியருகே உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் மூடியைத் திறந்தால், தண்ணீரில் மறுபடியும் சிவப்புப் பந்து. ஆயிரக்கணக்கில் புதுக் குஞ்சுகள்.

"ஒத்தை மீன் எப்படிப்பா குஞ்சு பொரிக்கும்?"

"பொரிச்சிருக்கே. உன் புஸ்தகம் என்ன சொல்றது?" அப்பா சிரித்தார். அவர் கை விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"இன்னிக்கே இதை முடிச்சுடறேன்."

"நான் துணைக்கு இருக்கறச்சே எப்படிடி முடிப்பே?"

அவளுக்கு வழி தெரியும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வர வழியில்லாமல் செய்துவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நாலு மணிக்குக் குழாயில் முறைத் தண்ணீர் வரும் நாள் இது. சம்ப் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவையைக் கம்பி போட்டுக் கட்டினாள். மூடிவரை நிரம்பட்டும். மூடியைத் திறந்தே வைத்துவிட்டு, அதன்மேல் வைக்கக் காலி கேஸ் சிலிண்டரை எடுக்க உள்ளே போனாள். உருட்டிக்கொண்டு வந்தபோது அப்பாவைக் காணவில்லை. மூடியும் மூடியிருந்தது. கோபம் வந்தால் கோயிலுக்குக் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். போகட்டும் என்று சிலிண்டரை மூடிமேல் ஏற்றினாள்.

க்ளப். க்ளப்.

இப்போது இடைவெளி குறைந்திருந்தது. முதலில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வந்த சத்தம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகி, பிறகு ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகியது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று குறைகிறது, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சரியான விளக்கம். ஆனால் இரண்டாவது சத்தத்துக்கு அது விளக்கம் இல்லை. இந்த மழையில் அப்பா எப்படித் திரும்புவார் என்று நினைத்தபடி ஆணியைப் பார்த்தாள்.

அப்பாவின் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினாள். படியில் அப்பாவின் செருப்பு. இரண்டிலும் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்தது.

அவர் கோயிலுக்குப் போகவே இல்லை.

சிலிண்டரை உதைத்துத் தள்ளினாள். மூடியின் வளையம் வழுக்கியது. நகம் பெயர்ந்தது. அப்பா ஏன் உள்ளேயிருந்து தட்டவில்லை? ஒரு தரம் தட்டியிருக்கலாமே! மூடி எழுந்தது.

தண்ணீர் விளிம்புவரை நின்றது. சிவப்பு. முழுக்கச் சிவப்பு. அதன் நடுவே அப்பாவின் முகம் மேலே வந்தது. நரைத்த தாடியில் பாசி. வாய் அகலத் திறந்து காற்றை விழுங்கியது. க்ளப். அவர் இருமவில்லை, நடுங்கவில்லை. கண் இமைக்கவில்லை.

அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு வாய். அதுவும் திறந்தது. மனிதத் தலை அகலத்துக்கு.

"அப்பா! கையைக் குடுங்கோ!"

"மெதுவாப் பேசுடி," என்றார் அப்பா, எப்போதும்போல் கனிவாக. "குழந்தேள் மிரள்றது."

உள்ளே போய்விட்டார்.

ஹம்ஸினி ஈர சிமெண்டில் குப்புற விழுந்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். எலும்பாய்ப் போன மணிக்கட்டு அகப்பட்டது. வழவழவென்றிருந்தது. பிடித்தாள். இழுத்தாள். நெற்றியால் அவள் முழங்கையை முட்டினார் அவர். மறுபடி முட்டினார், காவல் விரால் முட்டுவதுபோலவே. எலும்பில் வலி சுரீரென்று ஏறியது. அவளுக்கு அழுகை வரவில்லை. பழைய கோபம்தான் வந்தது.

"நீங்க பெத்தது என்னை! இதுகளை இல்லை! வாங்கோ மேலே. விடமாட்டேன். என்ன ஆனாலும் விடமாட்டேன்!"

முட்டுவது நின்றது.

குஞ்சுகள் மெல்ல நகர்ந்தன. அப்பாவின் தோளோரத்தை விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அவள் நிழலுக்குள் வந்து சேர்ந்தன. சிவப்பாகச் சுருண்டு, பந்தாகி, அவள் கையடியில் அடங்கின.

அவள் தலைக்கு ஒரு பக்கம் அந்தப் பெரிய வாய் எழுந்தது. மறுபக்கம் அப்பா. அவள் கன்னம் தண்ணீரைத் தொட்டது. இரும்புப் பூண் போட்டதுபோல் நெஞ்சு இறுகியது. மழைக்காற்று மூக்குவரை வந்தது. உள்ளே போகவில்லை.

க்ளப்.

க்ளப்.

மூன்றாவது சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது.

பிடியை அவள் விடவில்லை. அவள் நிழலுக்கு அடியில் அத்தனை குஞ்சுகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன.